முதியோருக்கான பாட்டும் கும்மியும்: பன்னிரண்டு வார வகுப்பைப் பற்றி ஒரு மதிப்புரை

என் அம்மாவுக்கு 81 வயது. முதுமை மறதிநோய் என்று மருத்துவர் உறுதிசெய்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. சிங்கப்பூரின் வடகிழக்கு வட்டாரத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்து அறையில், தமிழ் முதியோருக்கென்று பன்னிரண்டு வாரம் நடந்த பாட்டு, அசைவு வகுப்புக்கு அவரை அழைத்துப்போய் வந்தேன். இசைக் கலைஞர் ஒருவரும் நடன ஆசிரியை ஒருவரும் வகுப்பை நடத்த, பராமரிப்புப் பணியையும் கலைகளையும் சேர்த்து ஆராயும் சமூக ஆய்வுக் குழு ஒன்று மூலையில் அமர்ந்து குறிப்பெடுத்தது. முழுத் தவணைக்கும் கட்டணம் 180 வெள்ளி. வந்தவர்கள் பதினான்கு பேரே என்பதால், அமைப்பின் பெயரைச் சொன்னால் அவர்கள் யார் யார் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே பெயரைத் தவிர்க்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் முதுகலைப் படிப்பில் இல்லப் பராமரிப்புப் பணியாளர்களைப் பற்றி ஆய்வு செய்தவள் நான். இசை மானிடவியல் நூல்களையும் அப்போதிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். கட்டணம் கட்டிய மகளின் கணக்கும் அந்தப் படிப்பின் கணக்கும் இங்கே கலந்தே வரும்.

இடவசதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல்வரை கூரையிட்ட நடைபாதை இருக்கிறது. சக்கர நாற்காலி தடையின்றிப் போகிறது. கழிவறை பக்கத்திலேயே இருக்கிறது. நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லாததுதான் குறை. எழுந்து நிற்கவும் உட்காரவும் சொல்லும் வகுப்புக்கு அப்படிப்பட்ட நாற்காலிகளை யார் தேர்ந்தெடுத்தார்களோ! தேநீர் நன்றாக இருந்தது.

முதல் இரண்டு வாரமும் வகுப்பு எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. சுவரில் திரை, திரையில் கராவோக்கே வரிகள், பெரிய ஒலிபெருக்கி. பழைய திரைப்பாடல்களின் இசைத்தடங்களை மூலச் சுருதியிலேயே ஓடவிட்டார்கள். அந்தப் பாடல்கள் இளம் பின்னணிப் பாடகியரின் உச்சக் குரலுக்காக அமைக்கப்பட்டவை. பெண்களின் குரல் வயதாக ஆகத் தாழ்ந்துவிடும் என்பது குரலியல் அறிந்த செய்தி. எண்பதைத் தாண்டிய பெண்கள் பல்லவியின் முதல் சொல்லைத் தொட்டுவிட்டு, எட்டாமல் போகவே வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று ஆய்வுக் குழு அப்போது குறித்திருந்தால் அது பெரும் பிழையாகியிருக்கும். மூன்றாம் வாரம் இசைக் கலைஞர் திரையை அணைத்துவிட்டு, சுருதிப் பெட்டியை மூன்று கட்டைக்கு இறக்கி, வேகத்தையும் பாதியாக்கிப் பாடத் தொடங்கினார். அறையில் ஒன்பது குரல்கள் எழுந்தன, எண்ணிப் பார்த்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுத் தடுமாறும் ஒருவர், பேசும்போது வராத சொற்களைப் பாட்டில் வரிசை பிசகாமல் சொன்னார். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்தக் கலைஞரைப் பாராட்ட வேண்டும்.

பாடல் தேர்வில் இன்னொரு சிக்கல் கடைசிவரை தீரவில்லை. மனிதர்களின் நினைவில் ஆழமாகப் பதிவது பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நேர்ந்தவை என்று உளவியலாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். 66 வயதுக்காரருக்கும் 85 வயதுக்காரருக்கும் அந்தப் பருவம் ஒன்றன்று. வகுப்பில் பெரும்பாலும் எழுபதுகளின் பிற்பகுதிப் பாடல்களே ஒலித்தன. என் அம்மா ஜோகூரின் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் வளர்ந்தவர். அவருடைய பத்து வயதில் வீட்டில் வானொலிகூடக் கிடையாது. காதில் விழுந்ததெல்லாம் பால் வெட்டப் போகும் பெண்களின் பாட்டும், கோயில் திருவிழாக் கும்மியும், சாவு வீட்டு ஒப்பாரியும்தான். ‘முதியோர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருபதாண்டு இடைவெளியை அடக்கிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

முதல் நாள் நடந்த வேறொன்றையும் குறிப்பிட வேண்டும். “இங்கே யாருக்கெல்லாம் பாட வரும்?” என்று கேட்டார்கள். ஒரு கைகூட உயரவில்லை. நம் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. “எனக்கெங்கே பாட வரும்” என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க முணுமுணுப்பவர்கள் அவர்கள். தென்னாப்பிரிக்காவின் வெண்டா மக்களிடையே ஆய்வு செய்த இசை மானிடவியலாளர் ஜான் பிளாக்கிங், இசைத் திறன் எல்லோருக்கும் பொதுவானது என்று அம்மக்கள் இயல்பாகவே எடுத்துக்கொள்வதைக் கண்டு, சிலரைக் கலைஞர்களாகவும் மற்றவர்களைக் கேட்பவர்களாகவும் பிரித்துவைக்கும் தன் சமூகத்தை நோக்கி 1973இல் கேள்வி எழுப்பினார். நம் தோட்டப்புறங்களிலும் கிராமங்களிலும் நாற்று நடுகிற பெண்ணுக்கோ தொட்டில் ஆட்டுகிற பெண்ணுக்கோ பாட வருமா என்று யாரும் தேர்வு வைத்ததில்லை. கச்சேரி மேடையும் திரைப்படமும் வந்த பிறகுதான் ‘பாட வராதவர்கள்’ என்றொரு கூட்டம் உருவானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே பிரிவினை நடனப் பகுதியில் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. நடன ஆசிரியை பரதநாட்டியம் கற்றவர், திறமைசாலி, முதியோரிடம் பொறுமையும் உள்ளவர். முதல் வாரங்களில் அவர் முத்திரைகளைக் காட்டி, உட்கார்ந்தபடியே செய்யச் சொன்னார். பெரியவர்கள் செய்யவில்லை, ரசித்தார்கள், கைதட்டினார்கள், “நல்லா ஆடுதே பிள்ளை” என்றார்கள். இதில் வியப்பு ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் பரதநாட்டியம் வேரூன்றிய விதமே மேடை சார்ந்தது. 1949இல் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமும் 1952இல் பாஸ்கரின் நாட்டியப் பள்ளியும் தோன்றியது முதல், அந்தத் தலைமுறை அக்கலையை அரங்கத்து இருக்கையில் அமர்ந்துதான் பார்த்திருக்கிறது. ஆட வேண்டியவர் ஒருவர், பார்க்க வேண்டியவர்கள் மற்றவர்கள் என்ற ஒழுங்கு அவர்கள் உடலிலேயே ஊறியிருக்கிறது. தாமஸ் டுரீனோ என்ற இசை மானிடவியலாளர் 2008இல் எழுதிய நூலில், பார்ப்பதற்கென்று நிகழ்த்தும் கலையையும் எல்லோரும் இறங்கிச் செய்யும் கலையையும் வேறுபடுத்துகிறார். இரண்டாம் வகையில் திரும்பத் திரும்ப வரும் சிறு அடிகள் குறையாகாது. எத்தனை பேர் சேர்ந்துகொண்டார்கள் என்பதே அங்கு தரத்தின் அளவுகோல். கும்மி அந்த வகையைச் சேர்ந்தது.

ஆசிரியைக்கு இது நான்காம் வாரம் பிடிபட்டது. யாரும் அவரிடம் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். டோங்கா தீவு நடனங்களை, மொழியியலாளர் ஒலியன்களைப் பிரிப்பதுபோலச் சின்னஞ்சிறு அசைவுக் கூறுகளாகப் பிரித்து ஆராய்ந்தவர் ஏட்ரியன் கேப்லர். ஏறக்குறைய அதே வேலையை இவர் கும்மிக்குச் செய்தார். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, தலைக்கு மேல் ஒரு தட்டு, பக்கத்தில் இருப்பவரின் உள்ளங்கையில் ஒரு தட்டு என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சேர்த்தார். நிற்க முடிந்தவர்கள் நின்று காலையும் மாற்றி வைத்தார்கள். தோள்பட்டை, முதுகு, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுதல் என்று உடற்பயிற்சி நிபுணர் கேட்கும் அத்தனையும் அதில் வந்துவிட்டது. ஆனால் “கையைத் தூக்குங்கள்” என்று அங்கே யாரும் கட்டளையிடவில்லை. என் அம்மா மூன்றாவது தட்டுக்கு ஆசிரியையை முந்திக்கொண்டார்.

குறை சொல்லியே ஆக வேண்டிய இடம் ஆறாம் வாரம். பாட்டி ஒருவர் தாமாகவே ஒப்பாரி எடுத்தார். இரண்டு வரிதான் வந்திருக்கும். மனம் வருந்தும் என்று எண்ணி, இசைக் கலைஞர் உடனே குதூகலமான பாட்டொன்றுக்குத் தாவினார். பாட்டி நிறுத்திவிட்டு, அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்து 2005இல் நூல் எழுதிய இசபெல் கிளார்க் டெசே, இறந்தவரை முன்னிட்டுப் பெண்கள் தங்கள் சொந்த இழப்புகளையே பாடுகிறார்கள் என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அழுவதற்கும் ஒரு கலை வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. இங்கே அதைப் பாடத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்று தாதிமை இல்லங்களிலும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களிலும்தான் இருக்கிறது. மகிழ்ச்சி மட்டுமே நலம் என்று கருதுவது இத்தகைய நிகழ்ச்சிகளுக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம். இந்த வகுப்பும் அதற்கு விலக்கன்று.

அதற்கு மாறாக, எட்டாம் வாரம் மனத்துக்கு நிறைவைத் தந்தது. 85 வயதுப் பெரியவர் ஒருவர் தேக்கரண்டியால் மேசையில் உறுமித் தாளத்தைத் தட்டத் தொடங்க, இம்முறை யாரும் குறுக்கிடவில்லை. சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் கட்டுப்பாடு வந்தது; சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரையிலான பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு மீண்டும் இடம் கிடைத்தது 2016இல்தான். இடைப்பட்ட நாற்பதாண்டுக்கு மேலாக அந்தத் தாளத்தைக் கையிலேயே வைத்திருந்தவர் அவர். ஆய்வுக் குழுவில் இருந்த இளைஞர் அவரருகே நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து, அடுத்த அரை மணி நேரம் ஒவ்வொரு அடியையும் தாமும் தட்டிக் கற்றுக்கொண்டார். அந்த வகுப்பில் நடந்த மிகச் சிறந்த கள ஆய்வு அதுதான் என்பேன்.

ஆய்வுக் குழுவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம். ஒப்புதல் பெறும் முறையில் அவர்கள் மிகுந்த கண்ணியம் காட்டினார்கள். நான் கையொப்பமிட்ட பிறகும், ஒவ்வொரு வாரமும் அம்மாவின் முன் குனிந்து, “அம்மா, இன்னைக்கு எழுதிக்கலாமா?” என்று தமிழில் கேட்டார்கள். ஒருநாள் அவர் “வேண்டாம்” என்றார், நோட்டை மூடிவிட்டார்கள். முடிவெடுக்கும் திறன் ஒருவருக்கு இல்லை என்று நிறுவப்படும் வரை இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் சொல்வதை, காகிதத்திலிருந்து இறக்கி நடைமுறையில் பார்த்தது எனக்கு அதுவே முதல் முறை.

ஆனால் அவர்கள் பயன்படுத்திய மதிப்பீட்டுப் படிவம் வேறு கதை. சிரித்த முகம், சாதாரண முகம், வாடிய முகம் என்று மூன்று படங்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒன்றில் குறியிட வேண்டும். இசையை ஒலியாக மட்டும் பார்க்காமல், அதைப் பற்றிய கருத்து, அதைச் சார்ந்த நடத்தை, ஒலி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இசை மானிடவியலாளர் ஆலன் மெரியம் 1964லேயே எழுதிவிட்டார். அவரைப் படித்திருக்க வேண்டிய ஒரு குழு முகப்படங்களோடு நின்றுவிட்டது வருத்தம் தருகிறது. மறதிநோயாளிகளுக்கான இசைச் சிகிச்சை குறித்த 22 ஆய்வுகளைத் திரட்டி மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் குறையக்கூடும் என்றும், நினைவாற்றலில் பெரிய மாற்றம் இராது என்றும், சிகிச்சை முடிந்த பின் பலன் நீடிப்பதற்குச் சான்று போதவில்லை என்றும் அடக்கமாகவே சொன்னது. விளம்பரத் தாளில் ‘நினைவாற்றலை மீட்கும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த வாசகத்தை எடுத்துவிட வேண்டும். நம்பி வரும் பிள்ளைகளுக்கு அது செய்யும் தீங்கு சிறிதன்று.

இனி, என் முதன்மையான வழக்குக்கு வருகிறேன். அம்மாவை நாள்தோறும் பார்த்துக்கொள்பவர் மத்திய ஜாவாவிலிருந்து வந்த எங்கள் இல்லப் பணிப்பெண். அம்மாவை “பாட்டி” என்று அழைக்கிறார், அம்மா அவரைத் தம் தங்கை என்று நினைத்துக்கொண்டு, “தங்கச்சி, தண்ணி சூடா இருக்கா?” என்பார். வகுப்பு முதலில் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஓர் ஓய்வுநாள் தர வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 2023 முதல், மாதத்தில் ஓர் ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பதும் சேர்ந்தது. பராமரிப்புப் பணியை ஆராயும் குழு ஒன்று, பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் எடுக்கும் விடுமுறை நாளிலேயே வகுப்பை வைத்ததை என்னவென்று சொல்வது? சில குடும்பங்கள் எடுத்துச் சொன்ன பிறகு மூன்றாம் வாரத்திலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதன் பிறகும், உடன் வந்த பணிப்பெண்களுக்கு அறைக்கு வெளியே, மின்தூக்கியின் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளே போடப்பட்டன. கண்ணாடிக் கதவு வழியாக அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரெண்டா யோ, ஷெர்லீனா ஹுவாங் போன்ற சிங்கப்பூர் ஆய்வாளர்கள் தொண்ணூறுகளிலிருந்தே இந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றி எழுதி வருகிறார்கள். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகையும் உழைப்பே என்பதை 1983இல் எடுத்துரைத்தவர் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட். இவர்களையெல்லாம் படித்திருந்தும், என் வீட்டில் காலை ஏழு மணிக்கு நடப்பதை நான் கவனித்தது தாமதமாகத்தான். அம்மாவுக்குக் குளிப்பதென்றால் அச்சம்; உடையைக் கழற்றினால் அடிப்பார். பணிப்பெண் ஜாவா மொழியில் ஏதோ ஒரு மெட்டை மெல்ல முனகிக்கொண்டே நீரை ஊற்றுவார், அம்மா அதற்குத் தமிழில், தம் போக்கில், பதில் இழுப்பார், குளியல் முடிந்துவிடும். இரண்டு மொழிகளில் ஒரே பாட்டு. சுவீடனில் ஈவா கோட்டெல் குழுவினர், மறதிநோயாளிகளுக்குக் காலைப் பணிவிடை செய்யும்போது பராமரிப்பாளர்கள் பாடினால் நோயாளிகள் கூடுதலாக ஒத்துழைப்பதையும் கட்டளைகள் குறைவதையும் இருபதாண்டுகளுக்கு முன்பே பதிவுசெய்திருக்கிறார்கள். எங்கள் பணிப்பெண் அந்த ஆய்வைப் படித்தவரல்லர். ஊரில் தம் சொந்தப் பாட்டியைக் குளிப்பாட்டியவர்.

ஐந்தாம் வாரம் இதை இசைக் கலைஞரிடம் சொன்னேன். அவர் அப்போதே எழுந்து கதவைத் திறந்து, வெளியே இருந்த ஐவரையும் வட்டத்துக்குள் அழைத்தார். எங்கள் பணிப்பெண் தயங்கித் தயங்கித் தம் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாட, பெரியவர்கள் அதற்கும் கும்மி தட்டினார்கள். தாளம் ஒத்துவந்ததா என்று கேட்டால், ஏறத்தாழ வந்தது. மியன்மாரிலிருந்து வந்த இன்னொரு பெண் அடுத்த வாரம் தாமே கேட்டுப் பாடினார். அன்றிலிருந்து வகுப்பின் இயல்பே மாறியது. பலனும் நான் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது: தலைக்கு மேல் தட்டும் அந்த மூன்றாவது தட்டைப் பணிப்பெண் வீட்டுக்கு எடுத்து வந்தார். ரவிக்கை மாட்டும்போது “பாட்டி, கும்மி” என்று தட்டிக் காட்டினால் அம்மா இரண்டு கையையும் உயர்த்துகிறார். கை உள்ளே போய்விடுகிறது. பத்து நிமிடப் போராட்டம் ஒரு நிமிடமாகச் சுருங்கிய நாள்கள் உண்டு. எல்லா நாளும் இல்லை. மாலையில் பதற்றம் வந்தால் கும்மியும் உதவாது; வகுப்பில் பாடிய பாட்டை இரவுக்குள் அம்மா மறந்துவிடுவதும் மாறவில்லை.

ஆய்வுக் குழுவிடம் இந்த ரவிக்கைச் செய்தியைச் சொன்னபோது ஆர்வமாகக் கேட்டார்கள். ஆனால் அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. வகுப்பு நடக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிகழ்வது மட்டுமே அவர்களுடைய தரவு. குளியலறையில் ஒருவர் நாள்தோறும் பாடும் பாட்டு எந்த அட்டவணையிலும் ஏறாமலே போகிறது. பெரிய அறிக்கைகள் வெளிவரும்போது ‘இசையின் பயன்’ என்று எழுதப்படும் வரியில் அந்தப் பாட்டைப் பாடியவரின் பங்கு சேருமா என்பது எனக்கு ஐயமே.

இந்த வகுப்பை யாருக்குப் பரிந்துரைப்பேன்? நோயின் தொடக்க நிலையிலும் நடு நிலையிலும் இருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். செவித்திறன் மிகவும் குறைந்தவர்களுக்கு ஒலிபெருக்கியின் இரைச்சல் துன்பமாகலாம், முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாரத்துக்கு 15 வெள்ளி என்பது இன்றைய விலைவாசியில் நியாயமான கட்டணம். முதல் இரண்டு வாரத்தை வைத்து முடிவெடுத்துவிடாமல் நான்காம் வாரம்வரை போய்ப் பாருங்கள். பணிப்பெண்ணோ தாதியோ உடன் வந்தால், வெளி நாற்காலியில் உட்காரவிடாதீர்கள். நீங்களே கதவைத் திறந்து உள்ளே அழைத்துச் செல்லலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

அடுத்த தவணைக்குப் பெயர் கொடுக்கப் போன வாரம் சென்றிருந்தேன். பங்கேற்பாளர் பெயர் எழுதும் இடத்தில் அம்மாவின் பெயரோடு எங்கள் பணிப்பெண்ணின் பெயரையும் எழுதலாமா என்று கேட்டேன். பங்கேற்பாளர் 60 வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும் என்றார் மேசையில் இருந்தவர்; ‘உடன் வருபவர்’ என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார். எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘பாடுவார்’ என்று சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.